பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லேண்டுக்கு, கார் வராத 241 கிலோமீட்டர்

கேள்வி இது. நியூஜெர்சியில் இருக்கும் ஒரு குடும்பம்: கணவன், மனைவி, 12 வயது மகள். மூவரிடமும் சாதாரண ஹைப்ரிட் சைக்கிள் இருக்கிறது. ரோட்டில் காருக்குப் பக்கத்தில் ஓட்ட மூவருக்குமே பயம். பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லேண்ட் வரை வண்டியே வராத சரளைப் பாதை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அது அலெகேனி மலையைத் தாண்டிப் போகிறதாமே, எங்களால் முடியுமா, சரளைக்கென்றே விற்கும் கிராவல் சைக்கிள் வாங்க வேண்டுமா, அப்படியே தலைநகர் வாஷிங்டன் வரை போய்விடலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

முடியும். புது சைக்கிள் தேவையில்லை. வாஷிங்டனை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் பிட்ஸ்பர்க் பக்கம் குடியிருப்பவன். இந்தப் பாதையை இரண்டு திசையிலும் முழுதாக ஓட்டியிருக்கிறேன், துண்டு துண்டாக எத்தனை முறை என்று கணக்கில்லை. அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் மலை. பாதையின் பெயர் கிரேட் அலெகேனி பாசேஜ், இங்கே எல்லோருக்கும் ‘கேப்’. இது ரயில் ஓடிய தடம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறாது, வழுக்கும். நம் ஊட்டி ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள்: கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் வருவதால், தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் வைத்து ஏற்றுகிறார்கள். இங்கே பல்சட்டம் வைக்கவில்லை. அதற்குப் பதில் ஆற்றின் கரையையே பிடித்துக்கொண்டு போனார்கள், ஆறு வளைந்த இடத்தில் பாலம் போட்டார்கள், மலை குறுக்கே நின்ற இடத்தில் குடைந்தார்கள். நீங்கள் கண்ணால் பார்க்கும் மலையெல்லாம் நிஜம்தான். ஆனால் உங்கள் காலுக்குக் கீழே இருக்கும் சரிவை நூறு வருடத்துக்கு முன்பே வேறு யாரோ வெட்டி, நிரவி, சமன் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கணக்கைப் பார்த்தால் பயம் போய்விடும். பிட்ஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 220 மீட்டர் உயரம். பாதையின் உச்சி 729 மீட்டர். இடையே இருக்கும் தூரம் 203 கிலோமீட்டர். சராசரியாக 400 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறுகிறீர்கள். பல இடங்களில் ஏறுகிறோம் என்பதே தெரியாது. பக்கத்தில் ஓடும் ஆறு எதிர்த்திசையில் போவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உச்சியிலிருந்து கம்பர்லேண்ட் வரை கடைசி 38 கிலோமீட்டரில் மட்டும் 500 மீட்டருக்கு மேல் இறக்கம். அதுவும் 70 மீட்டருக்கு ஒரு மீட்டர்தான். அதனால்தான் பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்புங்கள் என்கிறேன். எதிர்ப்பக்கம் கம்பர்லேண்டிலிருந்து வந்தால், முதல் நாளே அந்த 38 கிலோமீட்டரை மூச்சு வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். பெரியவர்கள் சமாளித்துவிடுவார்கள், ஆனால் 12 வயதுப் பெண்ணுக்கு முதல் நாளே சைக்கிள் வெறுத்துப்போகும்.

இங்கே நிஜமான கஷ்டம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஏற்ற இறக்கம் இல்லாததால் கால் ஓயாது. ரோட்டில் ஏறினால் இறங்கும்போது சும்மா உட்கார்ந்து வரலாம். இங்கே நாலு மணி நேரம் ஓட்டினால் நாலு மணி நேரமும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் ஒரே மாதிரி உட்கார்ந்தபடி. கால் தாங்கும், உட்காரும் இடமும் உள்ளங்கையும்தான் தாங்காது. முதல் முறை போனபோது எனக்கு மூன்றாம் நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடந்தன. ஹைப்ரிட் சைக்கிளின் நேரான ஹேண்டிலை ஒரே பிடியில் மணிக்கணக்காக அழுத்திக்கொண்டு வந்ததன் விளைவு அது. முழுதாகச் சரியாக மூன்று வாரம் ஆனது. இப்போது ஹேண்டிலின் இரண்டு முனையிலும் கொம்பு மாட்டி, பிடியை மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நிற்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். கையுறையும் பஞ்சு வைத்த அரைக்கால்சட்டையும் மூன்று பேருக்கும் வாங்குங்கள். புது சைக்கிளுக்கு ஒதுக்கிய பணத்தில் இது ஒரு துளி.

பழகுவதற்கு நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். உங்கள் மாநிலத்திலேயே டெலவேர் ராரிடன் கால்வாய்க் கரை இருக்கிறது. டிரென்டன், பிரின்ஸ்டன், நியூ பிரன்ஸ்விக் என்று போகும் தட்டையான சரளைப் பாதை. அடுத்தடுத்து இரண்டு நாள், தலா 45 கிலோமீட்டர், மூட்டை முடிச்சோடு ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் எல்லோரும் ஓட்டிவிடுவார்கள். இரண்டாம் நாள் காலையில் உங்கள் மகள் முகம் சுளிக்காமல் சீட்டில் உட்கார்ந்தால் கேப்புக்குத் தயார்.

அப்புறம் தரை. சரளை என்றதும் ரயில் தண்டவாளத்து ஜல்லியை நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் கிரஷர் பொடி என்போமே, அதுதான்: சுண்ணாம்புக்கல்லை அரைத்த தூளும் குருணையும் போட்டு ரோலர் ஓட்டியது. மழையில் நனைந்து, காய்ந்து, நன்றாக இறுகிவிடும். நல்ல வெயில் நாளில் அதன்மேல் டயர் போகும் சத்தம், முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி மெல்லிசாக வந்துகொண்டே இருக்கும், வேறு சத்தமே இருக்காது. மழை பெய்தால் கதை வேறு. அந்தத் தூள் சாம்பல் நிறக் குழம்பாகித் தெறித்து, செயினிலும் பிரேக்கிலும் அப்பிக்கொள்ளும். காய்ந்தபின் உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்கிற மாதிரி செயினைத் தின்னும். மழை நாள் முடிவில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதைச் சோம்பல் படாமல் செய்யுங்கள். மட்கார்டு இருந்தால் கழற்றாதீர்கள்.

ஹைப்ரிட் சைக்கிளில் வரும் 35 அல்லது 38 மில்லிமீட்டர் டயர் இதற்குப் போதும். காற்றை மட்டும் கல் மாதிரி அடைக்க வேண்டாம். டயரின் பக்கத்தில் போட்டிருக்கும் உச்ச அளவுக்குக் கீழேயே நிறுத்துங்கள், கட்டை விரலால் அழுத்தினால் லேசாகப் பதிய வேண்டும். பனி உருகும் மார்ச், ஏப்ரலில் தரை ஊறிப்போய் டயர் அமுங்கும். மே பாதி தாண்டிய பிறகு போவது நல்லது.

இனி பாதை. ஆறுகளை வைத்துச் சொன்னால்தான் மனதில் நிற்கும். பிட்ஸ்பர்க்கின் முனையில், ஒஹையோ ஆறு பிறக்கிற இடத்தில் தொடங்கி, மொனங்கஹேலா ஆற்றை ஒட்டி மக்கீஸ்போர்ட் வரை போகிறோம். இந்தப் பகுதி பெரும்பாலும் தார். எஃகு ஆலைகள் இருந்த ஊர்கள். ஹோம்ஸ்டெட்டில் ஆலை போய் கடைவீதி வந்துவிட்டது, ஆலையின் 12 செங்கல் புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. அதற்குக் கொஞ்சம் தள்ளி, பாதை ஓரத்திலேயே பம்ப் ஹவுஸ் என்று ஒரு பழைய கட்டடம். 1892இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்கும் நிர்வாகம் படகில் அனுப்பிய பிங்கர்டன் என்ற தனியார் காவல் கம்பெனி ஆட்களுக்கும் சண்டை நடந்து உயிர்கள் போன இடம். மகளுக்கு அங்கே நிறுத்திச் சொல்லுங்கள்.

மக்கீஸ்போர்ட்டில் யாக்கிகேனி ஆறு வந்து சேர்கிறது. உள்ளூர்க்காரர்கள் ‘யாக்’ என்று முடித்துவிடுவார்கள். இனி 110 கிலோமீட்டர் அந்த ஆறுதான் துணை. இங்கேதான் சரளை தொடங்குகிறது, காடும் தொடங்குகிறது. சில இடங்களில் பாறை மேலிருந்து வழியும் தண்ணீர் செங்காவி நிறத்தில் இருக்கும், பாறையே துருப்பிடித்த மாதிரி தெரியும். கைவிட்ட நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து இரும்பு கலந்து ஊறிவரும் தண்ணீர் அது. பார்க்க அழகு, ஆனால் முகம் கழுவக்கூடப் பயன்படுத்த வேண்டாம். வெஸ்ட் நியூட்டன், அப்புறம் கானல்ஸ்வில். இந்த வட்டாரத்து நிலக்கரியைச் சுட்டு எடுத்த கோக் என்ற எரிபொருள்தான் பிட்ஸ்பர்க் உலைகளை எரித்தது.

கானல்ஸ்வில் தாண்டியதும் ஆறு செஸ்ட்நட் ரிட்ஜ், லாரல் ஹில் என்ற இரண்டு மலைத்தொடர்களை அறுத்துக்கொண்டு வருகிறது. பாதை அந்த வெட்டுக்குள் நுழைகிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர், ஒரு பக்கம் கீழே நுரைத்து ஓடும் ஆறு, தலைக்கு மேல் மரக்கூரை. கானல்ஸ்விலிலிருந்து ஒஹையோபைல் வரை 28 கிலோமீட்டருக்கு ஒரு கடை, ஒரு குழாய் கிடையாது. போன் சிக்னலும் நம்ப முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கானல்ஸ்விலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஒஹையோபைல் வரும்போது உயரமான பாலத்தில் நின்று கீழே பாருங்கள், ராஃப்ட் என்ற ரப்பர்ப் படகுகள் போய்க்கொண்டிருக்கும். 1986இல் இந்தப் பாதையின் முதல் துண்டு திறந்தது இந்த ஊர்ப் பக்கம்தான். ஒஹையோபைலுக்கும் கன்ஃப்ளூயன்ஸுக்கும் இடையிலான அந்தத் துண்டில் தொடங்கி, கடைசி இணைப்பு பிட்ஸ்பர்க்கில் முடிந்தபோது 2013 ஆகிவிட்டது. 27 வருடம். ரயில் கம்பெனி கைவிட்ட தடத்தைத் துண்டு துண்டாக வாங்கி, ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் சேர்ந்து போட்ட பாதை. இன்றைக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. விழுந்த மரத்தை வெட்டி நகர்த்துவதிலிருந்து புல் வெட்டுவது வரை அந்தந்த ஊர்க்காரர்கள் பலர் செய்கிறார்கள். வழியில் யாராவது ரம்பத்தோடு நின்றால் இறங்கி ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொல்லாமல் போவதில்லை.

கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த ஃபாலிங்வாட்டர் வீடு ஒஹையோபைலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் போகும் ரோட்டில் கார் வரும், ஏற்றமும் உண்டு. அதற்குத் தனியாகக் காரில் வாருங்கள்.

கன்ஃப்ளூயன்ஸில் யாக்கை விட்டுவிட்டு காசல்மன் ஆற்றைப் பிடிக்கிறோம். அங்கே மூன்று நீர்கள் சேர்கின்றன. மேலிருந்து பார்த்தால் வான்கோழிக் கால் மாதிரி இருப்பதால் அந்த இடத்துக்கு டர்க்கிஃபுட் என்று ஒரு பழைய பெயர். இந்த ஊர் எனக்கு மிகவும் பிடிக்கும், சின்னது, அமைதியானது. இரவு எதிர்க்கரையில் சரக்கு ரயில் ஊதிக்கொண்டு போகும், அதற்குத் தயாராக இருங்கள். தூக்கம் லேசானவர்கள் காதடைப்பான் வைத்துக்கொள்ளலாம்.

மேயர்ஸ்டேலுக்கு முன்னால் சாலிஸ்பரி வயடக்ட். 1912இல் முடிந்த ரயில் பாலம், 582 மீட்டர் நீளம், 30 மீட்டர் உயரம். அதுவரை காட்டுக்குள் அடைந்து வந்த நமக்கு திடீரென்று வானம் திறந்த மாதிரி இருக்கும். கீழே ஆறு, நெடுஞ்சாலை, தண்டவாளம், வயல், தூரத்து முகட்டில் காற்றாலைகள். காற்று பக்கவாட்டில் தள்ளும், மகளை நடுவில் ஓட்டச் சொல்லுங்கள்.

மேயர்ஸ்டேலிலிருந்து உச்சிக்கு 13 கிலோமீட்டர். இங்கே மட்டும் ஏறுவது காலுக்குத் தெரியும், ஒரு கியர் இறக்கினால் போதும். உச்சியில் சாலைக்கு அடியில் ஒரு சின்னச் சுரங்க வழி இருக்கிறது, அதன் சுவரில் பாதையின் ஏற்ற இறக்கத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். இது கிழக்குக் கண்ட நீர்ப்பிரிவு. இதற்கு மேற்கே விழும் மழை காசல்மன், யாக், மொனங்கஹேலா, ஒஹையோ, மிசிசிப்பி என்று போய் மெக்சிகோ வளைகுடாவில் சேர்கிறது. கிழக்கே விழுவது பொட்டோமாக் வழியாகச் செசபீக் விரிகுடாவுக்கு. நான்கு நாளாக எந்தத் தண்ணீரை எதிர்த்து வந்தோமோ அதன் தலைமாட்டுக்கு வந்துவிட்டோம். இனி தண்ணீரும் நாமும் ஒரே பக்கம்.

சில நிமிடத்தில் பிக் சாவேஜ் சுரங்கம். ஒரு கிலோமீட்டர் நீளம். உள்ளே விளக்கு உண்டு என்றாலும் சொந்த விளக்கு வேண்டும், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். ஜூலை வெயிலில் வந்தாலும் வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே முழங்காலில் குளிர் வந்து மோதும். உள்ளே கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் கழுத்தில் விழும். ஒரு குரல் கொடுத்தால் சுவரில் பட்டுப் பட்டு முன்னால் ஓடும், குழந்தைகள் அதை விடவே மாட்டார்கள். மறுமுனையில் வெளியே வந்ததும் காடு கீழே சரிந்து, மேரிலாந்து மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும். இந்தப் பாதையில் எனக்குப் பிடித்த ஒரே ஒரு இடத்தைச் சொல் என்றால் அந்த வாசல்தான். அங்கே ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள், இறக்கத்தில் காற்று குளிரும். கொஞ்ச தூரத்தில் பென்சில்வேனியா முடிந்து மேரிலாந்து தொடங்கும் மேசன் டிக்சன் எல்லைக்கோட்டைப் பாதையிலேயே குறித்திருக்கிறார்கள்.

இறக்கத்தில் ஒரு எச்சரிக்கை. சைக்கிள் தானாகவே வேகம் பிடிக்கும், சரளையில் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சறுக்கும். பின் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கப் பழக்குங்கள். எதிரே மூச்சு வாங்கி ஏறி வருபவர்களுக்கு வழி விடுங்கள். ஃபிராஸ்ட்பர்க்குக்குக் கீழே பக்கத்திலேயே சுற்றுலா ரயிலின் தண்டவாளம் வரும். பிரஷ் சுரங்கத்தில் ரயிலுக்கும் நமக்கும் ஒரே குகைதான். ரயில் வரும் சத்தம் கேட்டால் வெளியே நின்று, அது போன பிறகு நுழையுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் ஐந்து நாள்: முதல் நாள் வெஸ்ட் நியூட்டன் வரை 58 கிலோமீட்டர், தட்டை. இரண்டாம் நாள் கானல்ஸ்வில், 40. மூன்றாம் நாள் கன்ஃப்ளூயன்ஸ், 44, நடுவில் ஒஹையோபைலில் மதியம் முழுக்க அருவியும் ஐஸ்கிரீமும். நான்காம் நாள் மேயர்ஸ்டேல், 48. ஐந்தாம் நாள் கம்பர்லேண்ட், 51, அதில் முக்கால்வாசி இறக்கம். ஐந்து நாள் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு நாளை விட்டுவிட்டுக் கானல்ஸ்விலில் தொடங்குங்கள். அழகெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று சொன்னால் பிட்ஸ்பர்க்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

சாப்பாடு. பெரிய ஊர்களைத் தவிர மற்ற இடங்களில் சைவத்துக்கு பீட்சா, சாண்ட்விச், உருளைக்கிழங்கு வறுவல், அவ்வளவுதான். வாரநாளில் பல கடைகள் சீக்கிரம் மூடிவிடும். ஒரு அக்டோபர் செவ்வாய்க்கிழமை, பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு கடலை மிட்டாயோடு இரவை ஓட்டியிருக்கிறேன். அதனால் தங்குமிடம் பதிவு செய்யும்போதே இரவு எங்கே சாப்பிடலாம் என்றும் கேட்டுவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் பிட்ஸ்பர்க்கை ஒட்டிய பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலுக்குப் போனால் கேன்டீனில் புளியோதரை வாங்கலாம். தயிர்சாதம் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும், புளியோதரை மறுநாள் வரை தாங்கும்.

மாலையில் மூவரும் கால், முட்டிக்குப் பின்பக்கம், இடுப்பு எல்லாம் தடவிப் பார்த்து உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள், இந்தக் காட்டில் லைம் நோய் உண்டு. ஓரப் புல்லுக்குள் இறங்காமல் இருப்பதே பாதி பாதுகாப்பு. மூன்று மூன்று இலையாக இருக்கும் விஷப்படர்கொடியைத் தொட வேண்டாம்.

‘காரே வராது’ என்பது நூற்றுக்கு நூறு உண்மை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில ஊர்களில் தெருக்களைக் கடக்க வேண்டும், கானல்ஸ்வில் மாதிரி இடங்களில் ஊருக்குள் கொஞ்ச தூரம் சாலையை ஒட்டிப் போக வேண்டும். குறுக்குச் சாலை வரும் இடங்களில் நடுவில் கம்பம் நட்டிருப்பார்கள். பேசிக்கொண்டே வந்து அதில் முட்டுபவர்கள் உண்டு, மகளிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

வாஷிங்டன் ஏன் வேண்டாம்? கம்பர்லேண்டிலிருந்து அங்கே போவது வேறு பாதை, செசபீக் ஒஹையோ கால்வாயின் கரை, 297 கிலோமீட்டர். 1924 வரை கோவேறு கழுதைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரை அது. பல இடங்களில் வெறும் மண், வேர், குழி. இரண்டு நாள் மழை பெய்தால் சேறு பிரேக்கை அடைக்கும். கேப்பை முடித்த களைப்போடு குழந்தையை அதில் இறக்குவது நியாயமில்லை. ஆனால் தனியாக ஒருமுறை கட்டாயம் போங்கள், முடிந்தால் செப்டம்பரில். இடையிடையே கூடாரம் போடும் இடங்கள் உண்டு. அங்கே பா பா என்ற இடத்தில் 950 மீட்டர் நீளச் செங்கல் சுரங்கம் இருக்கிறது, அதைக் கட்ட 14 வருடம் ஆனது. அந்தப் பெயர் நம் பப்பாளி அல்ல. சீதாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டு மரம் பொட்டோமாக் கரை நெடுக வளர்கிறது, அதன் பழம் அது. செப்டம்பரில் கனிந்து விழும். உள்ளே சீதாப்பழம் மாதிரியே வழவழவென்று சதை, பெரிய கறுப்பு விதை.

திரும்பி வர, கம்பர்லேண்டிலிருந்து பிட்ஸ்பர்க்குக்கு ஆம்ட்ராக் ரயில் இருக்கிறது. சைக்கிளுக்கும் இடம் பதிய வேண்டும், இடங்கள் குறைவு, அதனால் தேதி முடிவானதும் முதல் வேலை அதுதான். பிட்ஸ்பர்க்கில் நள்ளிரவை ஒட்டித்தான் இறக்கிவிடும். மூன்று சைக்கிளுக்கும் இடம் கிடைக்காவிட்டால் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிவரும் ஷட்டில் வேன்கள் உண்டு. தேதி பார்க்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: பிக் சாவேஜ் சுரங்கத்தின் கதவை டிசம்பரில் மூடினால் ஏப்ரல் தொடக்கம் வரை திறக்க மாட்டார்கள். பள்ளி விடுமுறை என்று ஈஸ்டர் வாரத்தில் கிளம்பாதீர்கள். ஜூன் கடைசியில் போனால் ஒஹையோபைல் பக்கம் ரோடோடென்ட்ரான் பூக்கத் தொடங்கியிருக்கும்.